கேப்டனுக்குக் காரத்தோடு

இசோ சுஷி கடையின் வாசல் துணியை விலக்கிக்கொண்டு கினுயோ உள்ளே கால் வைத்ததும், மிசாவோ அக்கா கையைத் துடைத்துக்கொண்டே சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"அவர் இன்னும் வரலையேம்மா!"

இந்த ஊரில் கினுயோ எங்கே போனாலும் இதே பாட்டுத்தான். தபால் ஆபீசுக்குப் போனால் "தொகுஜி அண்ணன் சௌக்கியமா?" மருந்துக் கடைக்குப் போனால் "அண்ணனுக்கு மறுபடியும் முதுகுவலியா?" கல்யாணமாகி ஷியோமி துறைமுகத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் தொகுஜி வீட்டம்மாதான். படகு இன்ஜின் பழுது பார்க்கிற மனுஷனுக்கு ஊரெல்லாம் சிநேகிதம். அந்தச் சிநேகிதத்துக்கு வால் முளைத்த மாதிரி பின்னால் இவள்.

"அவரைத் தேடி வரலக்கா. சாப்பிட வந்தேன்."

"ஓ, பெட்டியா? உக்காரு, மாஸ்டர் இப்பவே கட்டித் தந்துடுவார்."

"பெட்டி வேணாம். இங்கேயே சாப்பிடறேன். மேடையில."

மிசாவோவின் கை துவாலையிலேயே நின்றுவிட்டது. கணவர் ரின்சோ மாஸ்டரின் கடையில் கல்லாவையும் சாக்கே மதுவையும் பார்த்துக்கொள்கிற அந்த அம்மாளுக்கு எதிர்பாராத பதில்கள் பழக்கமில்லை. "மேடையிலயா?" என்று கேட்டுவிட்டு, அப்படிக் கேட்டதற்கு வெட்கப்பட்டவள் போல, "வாம்மா, வா வா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஷியோமி ஆண்கள் இசோ சுஷியில் ஒரு சுற்று கூடுதலாகக் குடித்துவிட்டால், வீட்டில் எரிகிற அடுப்பை அணைப்பதற்கு ஒரு பெட்டி கட்டி வாங்கிப் போவார்கள். மெல்லிய மரப்பெட்டி, சணல் கயிறு, உள்ளே ஆறேழு பிடி சுஷி. தொகுஜி கொண்டுவரும் பெட்டி அவருடைய நடையைப் போலவே ஒரு பக்கம் சாய்ந்து வந்து சேரும். முட்டை சுஷி இறாலின் மேல் ஏறிப் படுத்திருக்கும். சோறு ஆறி விறைத்துப் போயிருக்கும். ரின்சோ மாஸ்டர் பிடிக்கும் சுஷியைப் பற்றி ஊரே வாய் ஓயாமல் பேசுகிறது, கினுயோ இத்தனை வருஷமாக ருசித்ததோ இந்தச் சாய்ந்த பெட்டியைத்தான். நினைவு விருந்து, பள்ளிக்கூட விருந்து என்று அவ்வப்போது கடைக்கு வந்திருக்கிறாள். அதெல்லாம் பின்பக்கத்துப் பாய் அறையில், பெரிய தட்டில் வைத்த சுஷி. மேடை வேறு.

மேடை என்பது மாஸ்டருக்கு முன்னால் நீளமாகக் கிடக்கும் ஒரே பலகை. அதற்கு அந்தப் பக்கம் அவரும் மீனும், இந்தப் பக்கம் நாம். அவர் பிடித்து வைத்த மாத்திரத்தில் எடுத்து வாயில் போட வேண்டும். பேசிக்கொண்டு உட்கார்ந்தால் "செத்துப்போச்சு, எடுத்துடட்டுமா?" என்று கேட்பார். அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறைய சாராயப் புட்டிகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு ஆளின் பெயர்ச்சீட்டு. புதுப் படகு இறக்கினவன், வலை நிறைய அள்ளி வந்தவன், பரீட்சையில் தேறினவன், எல்லோரும் அன்று மாலை குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு இந்த மேடையில் வந்து உட்காருவார்கள். யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் மேடைக்கு வராத சந்தோஷத்தை ஷியோமியில் பாதிச் சந்தோஷமாகத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

அப்படி உட்கார்ந்தவர்களை மாஸ்டர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தொழிலைச் சொல்லித்தான் கூப்பிடுவார். பல் டாக்டர் நிஷிவாகி என்றால் "டாக்டர்". தொகுஜி என்றால் "இன்ஜின்". ஹனேஷிமா தீவுக்குப் போகிற படகை வெகுகாலம் ஓட்டிவிட்டுப் போன வாரம் ஓய்வு பெற்ற குரோகி "கேப்டன்".

அந்தப் படகைத்தான் இன்று காலை கினுயோ ஓட்டினாள்.

அதே படகில் இருபது வருஷத்துக்கு மேல் சீட்டு கிழித்தவள், கயிறு வீசியவள், வாந்தி எடுத்த பிள்ளைகளுக்கு வாளி பிடித்தவள். நடுவில் உரிமப் பரீட்சை எழுதினாள். முதல் தடவை கோட்டை விட்டாள், இரண்டாம் தடவை விடவில்லை. குரோகி இறங்கியதும் யார் ஏறுவது என்று நகராட்சியில் பேச்சு வந்தபோது, ஏறத் தெரிந்தவள் ஒருத்தி ஏற்கனவே படகில் இருக்கிறாள் என்பது அவர்களுக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

காலையில் காய்கறி வண்டியோடு ஏறிய ஒரு கிழவி மேலே ஓட்டுகிற அறையைப் பார்த்து, "யாருடி மேலே? அப்போ படகை யார் ஓட்டறது?" என்று கேட்டாள். "நான்தான்மா" என்றாள் கினுயோ. கிழவி கொஞ்சம் யோசித்தாள். பிறகு வண்டியோடு வந்து கினுயோவுக்கு நேர் கீழேயே உட்கார்ந்துகொண்டாள், விழுந்தால் சேர்ந்தே விழுவோம் என்பது மாதிரி. போனது, வந்தது, மறுபடி போனது, மறுபடி வந்தது. யாரும் விழவில்லை.

தொகுஜி காலையில் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "மேக்காலக் காத்து அடிக்குது." சொல்லிவிட்டு, துறைமுகத்தை ஒட்டிய தன் ஷெட்டுக்குப் போய்விட்டார். மகள் தொலைபேசியில் கத்தினாள், அடுத்த வீட்டுக்காரி நல்ல காரியத்துக்குச் சமைக்கிற சிவப்பு அவரைச் சோறு கொண்டுவந்து வைத்தாள், கட்டின புருஷன் காற்றடிக்கும் திசையைச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை கேட்டுவிட கினுயோவுக்கு வாய் துடித்தது. விழுங்கிக்கொண்டு படகேறினாள். ஆனால் ஒன்று மட்டும் அப்போதே முடிவு செய்துகொண்டாள். சாயங்காலம் மேடையில் போய் உட்கார வேண்டும். யாருடைய வீட்டம்மாவாகவும் இல்லாமல், படகோட்டி வந்த ஆளாக. இன்று விட்டால் நாளைக்கு அது வெறும் சாப்பாடு.

இதோ உட்கார்ந்துவிட்டாள். ஒரு பக்கம் குரோகி, மறுபக்கம் ஒரு காலி நாற்காலி. அதற்கு அந்தப் பக்கம் டாக்டர் நிஷிவாகி.

"வாங்க அண்ணி" என்றார் ரின்சோ மாஸ்டர்.

அண்ணி. சரி, முதல் வார்த்தையிலேயே எல்லாம் மாறிவிடுமா என்று கினுயோ தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, சூட்டுத் துவாலையில் கையைத் துடைத்தாள். பீர் வந்தது. குரோகி தன் கோப்பையைத் தூக்கிக் காட்டினார்.

"என்னம்மா, படகு முழுசா இருக்கா?"

"முழுசாத்தான் இருக்குண்ணே. போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"போகமாட்டேன். போனா கயிறு எடுத்துக் கட்டச் சொல்லுவ."

டாக்டர் சிரித்தார். குரோகியும் சிரித்தார், ஆனால் கோப்பையைக் கீழே வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வயசான மனுஷன், ஓய்வு பெற்று ஒரு வாரம்தான் ஆகிறது. கினுயோ அதற்கு மேல் வாய் கொடுக்கவில்லை.

"கேப்டன், இன்னிக்கு வஞ்சிரம் பிரமாதம். கடைசில தரேன்" என்றார் மாஸ்டர். கினுயோ நிமிர்ந்தாள். மாஸ்டர் பார்த்தது குரோகியை.

ரின்சோ மாஸ்டருக்கு ஒரு கர்வம் உண்டு. நியாயமான கர்வம்தான், கொஞ்சம் உப்பு தூக்கல். தெரிந்த ஆளிடம் "என்ன வேணும், எப்படி வேணும்" என்று அவர் வாய் திறந்து கேட்டதே கிடையாது. யாருக்குச் சோறு சிறிதாக, யாருக்கு மீன் தடிமனாக, யாருக்கு விலாங்கு பிடிக்காது, எல்லாம் அவர் மண்டைக்குள் இருக்கிறது. "கேட்டுப் பிடிக்கிறதுக்கு நான் எதுக்கு, மெஷின் போதுமே" என்பார். வெளியூர்க்காரர்கள் வந்தால் மட்டும் வேண்டாவெறுப்பாக "உங்களுக்கு ஆகாதது ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டுவைப்பார்.

கினுயோவிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. முதலில் சங்கரா வந்தது. விரலால் எடுத்து வாயில் போட்டாள்.

அடடா! சோறு வெதுவெதுப்பாக இருந்தது. மீன் குளிர்ச்சியாக இருந்தது. கடித்ததும் சோறு தானாகப் பிரிந்து, மீனோடு கலந்து, இறங்கிப் போயிற்று. பெட்டிக்குள் வந்தது இதன் பிணம்தான் என்று கினுயோவுக்குப் பட்டது. இத்தனை வருஷம் இந்தச் சுகத்தை இவர்கள் மட்டும் அனுபவித்துவிட்டு, நமக்குக் கயிறு கட்டி அனுப்பியிருக்கிறார்கள்!

ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. இரண்டாவதாகக் கணவாய் வந்தது. அதிலும் குறைந்தது. மூன்றாவது பிடிக்கு முன் அவள் மாஸ்டரின் கையையே பார்த்தாள். குரோகிக்குப் பிடிக்கும்போது அந்த ஆள்காட்டி விரல் பச்சை வசாபி விழுதைத் தொட்டு மீனின் முதுகில் ஒரு இழுப்பு இழுத்தது. டாக்டருக்கும் இழுத்தது. அவளுக்குப் பிடிக்கும்போது மட்டும் விரல் அந்தப் பக்கமே போகவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கிற சுஷி.

கினுயோவுக்கு வசாபி உயிர். பெட்டியில் காரம் வராது, பெட்டி என்றாலே அப்படித்தான் என்று நினைத்து, வீட்டில் தூள் டப்பா வாங்கி வைத்துக் குழைத்துத் தடவிக்கொள்வாள். மேடையிலும் இப்படியா?

"மாஸ்டர், எனக்கு வசாபி வைக்கலையே."

"உங்களுக்கு ஆகாதே அண்ணி" என்றார் அவர், அடுத்த மீனை நறுக்கியபடி.

"யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? எனக்குத் தெரியும். முதல் பெட்டி கட்டின அன்னிக்கே இன்ஜின் சொல்லிட்டார், வீட்ல காரம் ஆகாதுன்னு. இன்னிக்கு வரைக்கும் ஒரு பெட்டில தப்பினதில்ல."

குரலில் அத்தனை பெருமை. அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. மறக்காமல், தவறாமல், இத்தனை காலம் அக்கறையாக ஒருவர் உனக்குத் தவறானதைச் செய்து தந்திருந்தால் என்ன சொல்வது?

"அவர் எதுக்கு அப்படிச் சொன்னாரோ தெரியல. எனக்குக் காரம் ஆகும் மாஸ்டர். ரொம்பப் பிடிக்கும்."

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "மாஸ்டர் தப்பு பண்ணமாட்டாரேம்மா. என் சம்சாரத்துக்கு உப்புக் குறைக்கணும்னு எனக்கு முன்னாடி அவருக்குத்தான் தெரியும்."

குரோகி தோளைக் குலுக்கிச் சிரித்தார். "விடுங்க டாக்டர். இன்னிக்குப் படகு ஓட்டின ஜோருல காரமும் கேக்குது. நாளைக்குத் தலையில தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கிட்டு சுருட்டு கேக்கும்."

கேலிதான். இந்த மேடையில் எல்லோரும் எல்லோரையும் கேலி செய்கிறவர்கள்தான். ஆனால் கினுயோவுக்குச் சுருக்கென்றது. கேப்டன் வேஷம் கட்டுவதற்காகக் காரம் கேட்கிறாள் என்கிறார்கள். வசாபி பொய் என்றால், காலையில் ஓட்டியதும் ஏதோ ஓட்டினாள், காற்று நல்ல காற்று, என்று ஆகிவிடும். இவர்கள் கெட்டவர்கள் இல்லை, நாளைக்குப் படகில் ஏறிக் கும்பிடு போட்டுத்தான் உட்காருவார்கள். ஆனால் மேலே நிற்பது தொகுஜி வீட்டம்மாவாகத்தான் இருக்கும், பாவம் ஆசைப்பட்டாள் என்று விட்டுவைத்த தொகுஜி வீட்டம்மா.

"சரி மாஸ்டர், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வீட்டில் எத்தனை தடவை சொல்லிப் பழகிய வார்த்தை!

"மாஸ்டர்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "என் நாக்கு என்ன கேக்கும்னு உங்க எல்லாரையும் விட எனக்குத் தெரியும். எனக்குக் காரம் வச்சுப் பிடிங்க."

ரின்சோ மாஸ்டர் கத்தியைக் கீழே வைத்தார். மிசாவோ அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். மாஸ்டர் கத்தியைக் கீழே வைப்பது நல்ல சகுனம் இல்லை. ஒரு தடவை அவர் அப்படி வைத்த பிறகு ஒரு வியாபாரி சாப்பிடாமலே எழுந்து போயிருக்கிறான்.

"அப்போ இத்தனை வருஷமா நான் உங்களுக்குத் தப்பாப் பிடிச்சேன்னு சொல்றீங்களா அண்ணி?"

"ஆமா மாஸ்டர்."

அந்த நேரம் பார்த்து வாசல் துணி விலகியது. கழுத்தில் துண்டு, நகக்கண்ணில் இன்ஜின் மசி, முகத்தில் வழக்கமான அசட்டுக் களைப்பு. தொகுஜி.

தன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் தன் மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். "என்ன, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றார்.

"வாங்க இன்ஜின்" என்றார் மாஸ்டர். "நீங்களே சொல்லுங்க. உங்க வீட்டம்மாவுக்கு வசாபி ஆகுமா, ஆகாதா?"

தொகுஜி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். கினுயோ அவர் பக்கம் திரும்பவில்லை. "ஆகாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் மாஸ்டரின் மானம் தப்பும், சிரிப்போடு காரியம் முடியும். அவளுக்கு அவரைத் தெரியும். சண்டை என்றால் பத்து அடி பின்னால் போகிற ஆள். நாலு பேர் எதிரில் வாயைத் திறந்து எதையும் பேசி அவள் பார்த்ததில்லை.

"ஆகும்" என்றார் தொகுஜி.

"என்னது?"

"ஆகும் மாஸ்டர். அவ பச்சையாவே தின்னுவா."

"அப்போ ஆகாதுன்னு என்கிட்ட சொன்னது?"

தொகுஜி மென்று விழுங்கினார். காது இரண்டும் சிவந்துவிட்டன. "அது... ஆகாதது எனக்குத்தான்."

பிறகு மாஸ்டர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "நீங்க. இங்க. என் எதிர்ல உக்காந்து. தினம் வசாபியோட சாப்பிடறீங்க."

"டீயோட சேத்து முழுங்கிடுவேன்."

"டீயோடயா!" மாஸ்டரின் குரல் உடைந்துவிட்டது. "டீப் பைத்தியம் போலிருக்கேன்னு உங்களுக்குன்னே இருக்கறதுலேயே பெரிய கோப்பையை வாங்கி வச்சேனே!"

"அதனாலதான் சமாளிச்சேன் மாஸ்டர். ரொம்ப உபகாரமா இருந்துச்சு."

"இருங்க, இருங்க" என்று டாக்டர் எழுந்தேவிட்டார். "சாப்பிடும்போது கண்ணு கலங்குமே உங்களுக்கு? செத்துப்போன அம்மா ஞாபகம் வந்துடுச்சுன்னு சொல்லுவீங்களே?"

தொகுஜி தலையைக் குனிந்துகொண்டார்.

"அடப்பாவி!" என்றார் குரோகி. "உன் அம்மாவுக்காக நானும் உன்னோட சேந்து அழுதிருக்கேன்டா! வீட்டுக்குப் போயி என் அம்மா படத்துக்கு விளக்கேத்தியிருக்கேன்!"

மிசாவோ அக்கா வாயில் துவாலையை அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அங்கிருந்து வந்த சத்தம் சிரிப்பா, விக்கலா என்று தெரியவில்லை. தொகுஜி நின்ற இடத்திலேயே நின்று, யாரையும் பார்க்காமல், வாசல் பக்கம் நிறுத்தியிருந்த குடைகளிடம் சொல்வது போலச் சொல்லி முடித்தார். தொழிலுக்கு வந்த புதிதில் முதல் தடவை இந்த மேடையில் உட்கார்ந்தபோது பக்கத்தில் எல்லாம் கடல்காரர்கள். காரம் தாங்காதவன் இன்ஜினை எப்படித் தொடுவான் என்று ஒருத்தன் கேட்டான். அன்று விழுங்க ஆரம்பித்தது. பெட்டியில் பாதியை வீட்டில் அவர்தான் தின்பார், அங்கேயாவது நிம்மதியாகத் தின்னலாமே என்று வீட்டம்மா பேரைச் சொல்லிவிட்டார். சொன்ன பொய்யைப் பிறகு எடுக்க வழி தெரியவில்லை.

கினுயோவுக்கு இப்போதுதான் புரிந்தது, வீட்டில் தூள் டப்பாவை நீட்டும்போதெல்லாம் இந்த மனுஷன் "அது போலி, கடையில இருக்கறதுதான் அசல்" என்று ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று. கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று வந்தது. சண்டையென்றால் ஓடுகிற இந்த ஆள், முப்பது வருஷமாகக் காப்பாற்றிய மானத்தை, அழுத பொய்யோடு சேர்த்து, நாலு பேர் எதிரில் கழற்றி வைத்துவிட்டார். அவளுக்காக. இன்றைக்கு.

ரின்சோ மாஸ்டர் பலகையைத் துடைத்தார். கையைக் கழுவினார். பிறகு கினுயோவுக்கு நேர் எதிரில் வந்து நின்று, இடுப்பை வளைத்துத் தலை தாழ்த்தினார். புது ஆளுக்குக்கூட அவர் அவ்வளவு வளைந்ததில்லை.

"மன்னிக்கணும், கேப்டன்."

பழக்க தோஷத்தில் குரோகி திரும்பிப் பார்த்தார்.

"உங்களை இல்ல" என்றார் மாஸ்டர். "படகோட்டி வந்தவங்களை." அப்புறம், உள்ளூர்க்காரர் யாரிடமும் அவர் கேட்டு அந்தக் கடையின் சுவர்கள் அறியாத ஒரு கேள்வியைக் கேட்டார். "கேப்டன், உங்களுக்கு எப்படிப் பிடிக்கட்டும்?"

குரோகி தன் கோப்பையைப் பார்த்தார். பீர் புட்டியை எடுத்து, பாதி காலியாகியிருந்த கினுயோவின் கோப்பையை விளிம்பு வரை நிரப்பினார். "வஞ்சிரம் சொல்லும்மா" என்றார். "எனக்குன்னு வச்சிருந்ததை உனக்குப் பிடிக்கச் சொல்லு. முதல் நாள் நானும் அதைத்தான் தின்னேன்."

"வஞ்சிரம் மாஸ்டர்" என்றாள் கினுயோ. "வசாபி தாராளமா."

வஞ்சிரம் பெட்டிக்கு ஆகாத மீன். சதை அத்தனை மென்மை, தெருமுனை திரும்புவதற்குள் தளர்ந்துவிடும். மாஸ்டர் தோலை மட்டும் நெருப்பில் காட்டி, தடிமனாக ஒரு துண்டு போட்டு, விரலால் பச்சை விழுதை ஒரு முறை இழுத்து, அவள் முகத்தைப் பார்த்து, இன்னொரு முறை இழுத்துப் பிடித்து வைத்தார். அவள் எடுத்துப் போட்டுக்கொண்டாள். கருகின தோலின் வாசனை, மீனின் கொழுப்பு, அதற்குப் பின்னால் ஒரு நொடி தாமதித்து மூக்கில் ஏறி உச்சந்தலையைத் தட்டித் திறந்த காரம். இதைத்தான் பறிகொடுத்திருந்தாள். நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து, கடைசிப் பருக்கை வரைக்கும் மென்று தின்றாள்.

தொகுஜி வந்து பக்கத்து நாற்காலியில் ஒட்டினாற்போல் உட்கார்ந்தார். "எனக்கும் அதே" என்றார். பிறகு மெல்ல, "இல்லாம."

மாஸ்டர் வசாபியைத் தொடாமல் பிடித்து வைத்தார். மிசாவோ பெரிய கோப்பையில் டீயைக் கொண்டுவந்து, வேண்டுமென்றே டங்கென்று வைத்தாள். தொகுஜி டீயைத் தொடவில்லை. வஞ்சிரத்தை வாயில் போட்டு மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். மறுபடி மென்றார்.

"இது இப்படியா இருக்கும்?" என்றார்.

டாக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எதை முழுங்கிட்டு இருந்தீங்க இத்தனை நாளும்?"

தொகுஜி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலியான பலகையைப் பார்த்துக்கொண்டே, யாரும் கேட்காமல், தானாகப் பேசினார்.

"காலைல ஷெட்டுல எல்லா மெஷினையும் நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். குரோகி அண்ணன் படகைக் கொண்டாந்து துறையில அணைச்சா, ஆணியில மாட்டியிருக்கற ஸ்பானர் எல்லாம் ஒரு குதி குதிக்கும். அதை வச்சுத்தான் படகு வந்துடுச்சுன்னு தெரிஞ்சுக்குவேன். இன்னிக்கு ஸ்பானரையே பாத்துட்டு உக்காந்திருக்கேன், ஒண்ணும் ஆடல. வரலையே, என்ன ஆச்சோன்னு பதறிப்போயி வெளியே ஓடி வந்து பாத்தா..." அவர் கினுயோ பக்கம் திரும்பினார். "நீ கயிறு கட்டி முடிச்சு, இறங்கற பலகையும் போட்டாச்சு. சனம் இறங்கிப் போகுது. அந்தக் காய்கறிக் கிழவி வண்டியில ஒரு முள்ளங்கி கூட உருளல."

"டேய்" என்றார் குரோகி. "நான் இங்கேயேதான் உக்காந்திருக்கேன்."

"உங்களைச் சொல்லலண்ணே. ஸ்பானரைச் சொன்னேன்."

"என் வாழ்நாள்ல இந்த மாதிரி கெட்டிக் கயிறு கட்டு நான் பாத்ததில்ல" என்று தொகுஜி முணுமுணுத்துவிட்டு, அவ்வளவு பேசியதற்குப் பயந்தவர் போல் டீயை ஒரே மடக்காகக் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

கினுயோ காலையில் விழுங்கிக்கொண்ட கோபம் இப்போது இறங்கிப்போயிற்று. அது இறங்கிய இடத்திலிருந்து வேறொன்று பொங்கிக் கண்ணை நிறைத்தது. ஒரு சொட்டு கன்னத்தில் வழிந்து பலகையில் விழுந்தது. எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

டாக்டர் நல்ல மனுஷர், அவசரமாகத் துவாலையை நீட்டினார். "காரம் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சா, கேப்டன்?"

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சாக்கு. இதே மேடையில் ஒருவர் அதைத் தலைகீழாக வைத்துப் பல வருஷம் காலம் தள்ளியிருக்கிறார்.

"இல்ல டாக்டர்" என்றாள் கினுயோ. துவாலையை வாங்காமல், முகத்தை நிமிர்த்தி, எல்லோருக்கும் தெரியும்படியே வைத்துக்கொண்டாள். "காரம் இன்னும் பத்தல. இது பெருமை."

ரின்சோ மாஸ்டர் வஞ்சிரத்தின் அடுத்த துண்டை நறுக்கத் தொடங்கினார்.